தனியார் பன்னாட்டுச் சட்டத் தொகுப்பாக்கம்

தனியார் பன்னாட்டுச் சட்டத் தொகுப்பாக்கம் என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுடன் தொடர்புடைய திருமணம், மணமுறிவு, வாரிசுரிமை, ஒப்பந்தம், விபத்து இழப்பீடு போன்ற வழக்குகளில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளை எழுத்துச் சட்டமாக ஒழுங்குபடுத்துவதாகும். இவ்விதிகளைச் சில நாடுகள் தனிச் சட்டமாக இயற்றியுள்ளன. சில நாடுகள் குடிமைச் சட்டத் தொகுப்பின் ஒரு பகுதியாக வைத்துள்ளன. வேறு சில நாடுகளில் இவை பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்புகளில் சிதறிக் கிடக்கின்றன.

பெயரில் பன்னாட்டுச் சட்டம் என்று இருந்தாலும், இது நாடுகளுக்கு இடையிலான உறவுகளைப் பற்றிய சட்டம் அன்று. பெரும்பாலும் ஒவ்வொரு நாடும் தனக்கென வகுத்துக்கொள்ளும் உள்நாட்டுச் சட்டமே ஆகும். எனவே பிரான்சின் தனியார் பன்னாட்டுச் சட்டமும் ஜப்பானின் தனியார் பன்னாட்டுச் சட்டமும் வேறுவேறானவை. ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இத்துறை சட்டங்களின் முரண்பாடு என்ற பெயராலும் அழைக்கப்படுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

வெளிநாட்டுத் தொடர்புள்ள ஒரு வழக்கு நீதிமன்றத்தின் முன் வரும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன.

1. இந்த நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் அதிகார வரம்பு உண்டா?
2. உண்டு எனில், எந்த நாட்டுச் சட்டத்தின்படி வழக்கைத் தீர்க்க வேண்டும்?
3. வேறொரு நாட்டு நீதிமன்றம் ஏற்கனவே தீர்ப்பு வழங்கியிருந்தால், அதை ஏற்றுச் செயல்படுத்த வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு விடை தருவது இணைப்புக் காரணி ஆகும். ஒரு வழக்கை ஒரு நாட்டின் சட்டத்துடன் இணைக்கும் உண்மையே இணைப்புக் காரணி எனப்படும். நிலம் அமைந்துள்ள இடம், விபத்து நடந்த இடம், திருமணம் நடைபெற்ற இடம் என்பன இதற்கு எடுத்துக்காட்டுகள். மனிதரின் குடும்ப நிலை, வாரிசுரிமை ஆகியவற்றைப் பொறுத்தவரை மூன்று இணைப்புக் காரணிகள் நெடுங்காலமாகப் போட்டியிட்டு வருகின்றன.

* குடியுரிமை: ஒருவர் எந்த நாட்டின் குடிமகனோ அந்நாட்டுச் சட்டம் அவருடன் செல்லும். ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் பல 19 ஆம் நூற்றாண்டில் இதனை ஏற்றன.
* நிலைவாழ்விடம்: ஆங்கிலச் சட்டத்தில் டொமிசைல் எனப்படுவது. ஒருவர் நிரந்தரமாக வாழும் எண்ணத்துடன் தங்கியுள்ள நாட்டைக் குறிக்கும். பிறக்கும்போதே பெற்றோர் வழியாக ஒருவருக்கு ஒரு நிலைவாழ்விடம் அமைந்துவிடுகிறது.
* வழக்கமான வசிப்பிடம்: ஒருவருடைய அன்றாட வாழ்க்கையின் மையம் எங்குள்ளதோ அந்த நாடு. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பன்னாட்டு உடன்படிக்கைகள் வழியாகப் பரவிய கருத்து இது.

நாடுகள் வெவ்வேறு இணைப்புக் காரணிகளைப் பின்பற்றுவதால், ஒரே இணையர் ஒரு நாட்டில் கணவன் மனைவியாகவும் இன்னொரு நாட்டில் மணமாகாதவராகவும் கருதப்படும் நிலை உண்டாகலாம். ஐரோப்பிய சட்ட அறிஞர்கள் இதனை நொண்டித் திருமணம் என அழைக்கின்றனர். இத்தகைய நிலையில் பிறந்த குழந்தையின் உரிமை, மறுமணத்தின் செல்லுபடி, ஓய்வூதியம், சொத்து ஆகிய அனைத்தும் எந்த நாட்டின் நீதிமன்றத்தில் கேள்வி எழுகிறது என்பதைப் பொறுத்து மாறிவிடும். விதிகளை எழுதி வைக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே முதன்மையான காரணம்.

வரலாறு

நகர அரசுகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சட்டம் கொண்டிருந்த இடைக்கால வட இத்தாலியில் இத்துறை வளர்ந்தது. பார்த்தோலசு (1313–1357) என்னும் சட்ட அறிஞர், சட்டங்களை மனிதரைப் பற்றியவை என்றும் பொருளைப் பற்றியவை என்றும் பிரித்தார். மனிதரைப் பற்றிய சட்டம் அவர் செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும். பொருளைப் பற்றிய சட்டம் அப்பொருள் உள்ள நிலப்பரப்பில் மட்டும் செல்லும். இங்கிலாந்தில் மூத்த மகனே வாரிசு என்ற வழக்கம் இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை, அவ்விதி எழுதப்பட்டுள்ள சொல்வரிசையைக் கொண்டு அவர் முடிவு செய்தார். "மூத்தவன் வாரிசாவான்" என்று இருந்தால் அது மனிதரைப் பற்றியது. "சொத்து மூத்தவனைச் சேரும்" என்று இருந்தால் அது பொருளைப் பற்றியது. இந்த முறை பிற்காலத்தில் பெரிதும் எள்ளி நகையாடப்பட்டது. எனினும் ஒரு சட்டக் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது எனத் தீர்மானிக்கும் சிக்கல் இன்றும் தீர்ந்துவிடவில்லை.

17 ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த உல்ரிக் ஊபர், ஒரு நாடு பிற நாட்டுச் சட்டத்தை மதிப்பது கடமையால் அன்று, நல்லிணக்கத்தால் என்று விளக்கினார். இக்கருத்து, அமெரிக்கரான யோசப் சிடோரி 1834 இல் வெளியிட்ட நூலின் வழியாக ஆங்கிலம் பேசும் நாடுகளில் வேரூன்றியது. 1849 இல் ஜெர்மானிய அறிஞர் சவீனி வேறொரு பாதையைக் காட்டினார். ஒவ்வொரு சட்ட உறவுக்கும் இயல்பான இருப்பிடம் ஒன்று உண்டு. அது எங்கு உள்ளதோ அந்நாட்டுச் சட்டத்தையே எல்லா நீதிமன்றங்களும் பின்பற்றினால், வழக்கு எங்கு நடந்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும் என்பது அவர் கருத்து. 1851 இல் இத்தாலியரான மன்சினி, குடியுரிமையே மனிதரின் சட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும் என வாதிட்டார். 1865 ஆம் ஆண்டின் இத்தாலியக் குடிமைச் சட்டம் இக்கொள்கையை ஏற்றது.

எழுத்துச் சட்டங்களைப் பொறுத்தவரை, 1756 ஆம் ஆண்டின் பவேரியச் சட்டத் தொகுப்பும் 1794 ஆம் ஆண்டின் பிரசியச் சட்டத் தொகுப்பும் இத்தகைய விதிகள் சிலவற்றைக் கொண்டிருந்தன. அடுத்து 1804 ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டமும் 1811 ஆம் ஆண்டின் ஆசுத்திரியக் குடிமைச் சட்டமும் வந்தன. இவை யாவும் பொதுத் தொகுப்புகளில் இடம்பெற்ற சில பிரிவுகளே. அதிகார வரம்பு, பொருந்தும் சட்டம், தீர்ப்பு ஏற்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் விரிவான தனிச் சட்டங்கள் 20 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலேயே பெருகின.

பிரான்ஸ்: மூன்று பத்திகளும் நீதிமன்றமும்

பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு மூன்று சிறு பத்திகளைக் கொண்டது. காவல், பாதுகாப்பு தொடர்பான சட்டங்கள் நாட்டில் வாழும் அனைவரையும் கட்டுப்படுத்தும். பிரான்சில் உள்ள அசையாச் சொத்துகள், வெளிநாட்டவருக்கு உரியவை ஆயினும், பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவை. மனிதரின் நிலையும் தகுதியும் பற்றிய சட்டங்கள் வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சு மக்களையும் கட்டுப்படுத்தும் என அவை கூறுகின்றன. பிரெஞ்சுச் சட்டம் எப்போது பொருந்தும் என்பதை மட்டுமே இப்பிரிவு சொல்கிறது. வெளிநாட்டுச் சட்டம் எப்போது பொருந்தும் என்பதை அது சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பணி நீதிமன்றங்களைச் சேர்ந்தது.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1878 ஆம் ஆண்டின் ஃபோர்கோ வழக்கு ஆகும். பவேரியாவில் மணவுறவுக்கு வெளியே பிறந்த ஃபோர்கோ, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிரான்சில் கழித்து, உயில் எழுதாமல் இறந்தார். பவேரியச் சட்டம் பொருந்தினால் அவருடைய தாய்வழி உறவினருக்குச் சொத்து கிடைக்கும். பிரெஞ்சுச் சட்டம் பொருந்தினால் அரசுக் கருவூலத்துக்குச் சேரும். பிரெஞ்சு விதி பவேரியச் சட்டத்தைச் சுட்டியது. பவேரியாவின் விதியோ, இறந்தவர் வாழ்ந்த இடத்தின் சட்டம் என்று கூறி மீண்டும் பிரான்சையே சுட்டியது. பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அந்தத் திருப்புதலை ஏற்றது. உறவினர் இழந்தனர், கருவூலம் பெற்றது. ரான்வுவா எனப்படும் இத்திருப்பியனுப்பல் கோட்பாடு இவ்வழக்கின் மூலமே பரவலாக அறியப்பட்டது. ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதும், சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு விதியால் முடிவு செய்யப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பிரான்சில் முழுமையான தொகுப்பை இயற்றும் முயற்சிகள் 20 ஆம் நூற்றாண்டில் பலமுறை நடந்தும் நிறைவேறவில்லை. நீதி அமைச்சகம் அமைத்த பணிக்குழு ஒன்று 2022 மார்ச்சில் தனித் தொகுப்புக்கான வரைவை ஒப்படைத்தது. அவ்வரைவு சட்ட அறிஞர்களிடையே கடும் விவாதத்தை எழுப்பியது.

ஜெர்மனி: தொகுப்பும் அரசியலமைப்பும்

ஜெர்மனியின் விதிகள் 1896 இல் இயற்றப்பட்டு 1900 இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்ட அறிமுகச் சட்டத்தில் இடம்பெற்றன. குடியுரிமையே முதன்மை இணைப்புக் காரணியாக இருந்தது. கணவன் மனைவி வேறு வேறு நாட்டினராயின், பல பொருள்களில் கணவனின் நாட்டுச் சட்டமே பொருந்தியது.

1971 மே 4 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய முடிவு இம்முறையை அசைத்தது. மணமாகாத எசுப்பானியர் ஒருவர், ஜெர்மன் நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்ற ஜெர்மானியப் பெண்ணை மணக்க விரும்பினார். மணமகனின் திருமணத் தகுதிக்கு அவருடைய நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது ஜெர்மன் விதி. அன்றைய எசுப்பானியச் சட்டம் மணமுறிவை ஏற்கவில்லை. ஆகவே அப்பெண் இன்னும் முதல் கணவரின் மனைவியே என்று அச்சட்டம் கருதியது. ஜெர்மன் நீதிமன்றமே பிரித்துவைத்த பெண், ஜெர்மனியிலேயே மறுமணம் செய்ய இயலாத நிலை உண்டானது. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் எனச் சுட்டும் விதிகளும், அவற்றால் பொருந்தும் வெளிநாட்டுச் சட்டத்தின் விளைவும் அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டவை என அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது.

அதுவரை இவ்விதிகள் வழிகாட்டிப் பலகை போன்றவை, அவற்றில் நீதி அநீதி என்ற கேள்விக்கு இடமில்லை என்ற எண்ணம் வலுவாக இருந்தது. கணவனின் நாட்டுச் சட்டத்துக்கு முன்னுரிமை அளித்த விதியும் 1983 இல் சமத்துவ உரிமைக்கு முரணானது எனத் தள்ளப்பட்டது. 1986 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் இருபாலருக்கும் சமமான விதிகளை வகுத்தது. ஒப்பந்தம் சாராத பொறுப்பும் சொத்துரிமையும் 1999 இல் சேர்க்கப்பட்டன.

சுவிட்சர்லாந்து: முழுமையான தனிச் சட்டம்

1987 டிசம்பர் 18 அன்று இயற்றப்பட்டு 1989 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சிச் சட்டம், விரிவான தொகுப்பாக்கத்துக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. 200 பிரிவுகளுடன் இயற்றப்பட்ட இச்சட்டத்தின் சிறப்பு அதன் அமைப்பில் உள்ளது. திருமணம், வாரிசுரிமை, ஒப்பந்தம் எனப் பொருள்வாரியாக இயல்கள் பிரிக்கப்பட்டு, அவற்றில் அதிகார வரம்பு, பொருந்தும் சட்டம், வெளிநாட்டுத் தீர்ப்பு ஏற்பு ஆகிய மூன்றும் அடுத்தடுத்துத் தரப்பட்டுள்ளன. நொடிப்பு நிலை, பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஆகியவையும் இதில் அடங்கும்.

இவ்வளவு விரிவாக எழுதிய சட்டமன்றம், தன் விதிகளுக்கே ஒரு வாசலையும் திறந்து வைத்தது. வழக்குக்கும் விதி சுட்டும் சட்டத்துக்கும் மிக மெல்லிய தொடர்பே இருந்து, வேறொரு சட்டத்துடன் மிக நெருக்கமான தொடர்பு இருப்பது வெளிப்படையாயின், விதி சுட்டும் சட்டம் விதிவிலக்காகப் பொருந்தாது என்று 15 ஆம் பிரிவு கூறுகிறது. தரப்பினர் தாமே சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இவ்விதிவிலக்கு இல்லை.

1978 இல் இயற்றப்பட்ட ஆசுத்திரியச் சட்டம், வலுவான தொடர்பு என்ற கொள்கையை முதல் பிரிவிலேயே அறிவித்தது. இத்தாலி 1995 இலும், பெல்ஜியம் 2004 இலும் தனிச் சட்டங்களை இயற்றின. நெதர்லாந்து தன் விதிகளைக் குடிமைச் சட்டத்தின் பத்தாம் நூலாக 2012 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

இங்கிலாந்து: தீர்ப்புகளும் தனிப்பொருள் சட்டங்களும்

இங்கிலாந்தில் முழுமையான தொகுப்பு இயற்றப்படவில்லை. 1896 இல் வெளிவந்த டைசி என்னும் அறிஞரின் நூல், தீர்ப்புகளில் இருந்து விதிகளைத் திரட்டி எண்ணிட்டுத் தந்தது. சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாத அந்நூல், பல பதிப்புகள் வழியாக நீதிமன்றங்களில் ஒரு தொகுப்பைப் போலவே மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது.

ஆங்கிலச் சட்டத்தின் முதன்மையான விதிகளுள் ஒன்று இலங்கையிலிருந்து வந்த வழக்கில் பிறந்தது. இலங்கைக் குடிசார் சேவையில் பணியாற்றிய, ஆங்கிலேய நிலைவாழ்விடம் கொண்ட லே மெசூரியர் என்பவரின் மணமுறிவு வழக்கு, இலண்டன் பிரிவுக் கவுன்சிலின் முன் மேல்முறையீடாகச் சென்றது. கணவன் மனைவி இருவரின் நிலைவாழ்விடம் எந்த நாடோ அந்நாட்டு நீதிமன்றத்துக்கே மணமுறிவு அளிக்கும் அதிகாரம் உண்டு என 1895 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மனைவியின் நிலைவாழ்விடம் கணவனுடையதைப் பின்பற்றும் என்ற விதியும் அப்போது இருந்தது. ஆகவே கணவன் வேறு நாட்டுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டால், கைவிடப்பட்ட மனைவி தான் வாழும் நாட்டில் மணமுறிவு கோர முடியாத நிலை உண்டானது. இக்கொடுமையை இடையிடையே வந்த சட்டத் திருத்தங்கள் ஓரளவே குறைத்தன. மனைவிக்குத் தனி நிலைவாழ்விடம் 1973 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே கிடைத்தது.

ஆங்கில முறை தேங்கி நிற்கவில்லை. ஒப்பந்தங்களுக்கு 1990 இலும், தீங்கியல் வழக்குகளுக்கு 1995 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பின்னர் வந்த ஐரோப்பிய ஒழுங்குவிதிகளில் ரோம் 1, ரோம் 2 ஆகியவை, ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னரும் உள்நாட்டுச் சட்டமாகத் தக்கவைக்கப்பட்டன. எனவே தொகுப்பில்லாத நாடு எனப்படும் இங்கிலாந்திலும் விதிகளின் பெரும்பகுதி இன்று எழுத்து வடிவிலேயே உள்ளது.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சட்டம் கொண்டுள்ளதால், மாநிலங்களுக்கு இடையிலேயே இச்சிக்கல் நாள்தோறும் எழுகிறது. அமெரிக்கச் சட்டக் கழகம் என்னும் தனியார் அமைப்பு 1934 இல் மறுகூற்று எனப்படும் விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. விபத்து நடந்த இடத்தின் சட்டமே பொருந்தும் என்பது போன்ற இறுக்கமான விதிகளை அது கொண்டிருந்தது.

1963 இல் நியூயார்க் மாநில உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் பாப்காக் வழக்கில் அம்முறையைக் கைவிட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த பெண் ஒருவர், அதே மாநிலத்து நண்பர்களின் வண்டியில் கனடாவின் ஒன்றாரியோவுக்குச் சென்றபோது விபத்தில் காயமுற்றார். கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்பட்ட பயணி ஓட்டுநர் மீது வழக்குத் தொடர முடியாது என்பது அன்றைய ஒன்றாரியோச் சட்டம். பயணி, ஓட்டுநர், வண்டிக் காப்பீடு அனைத்தும் நியூயார்க்கைச் சேர்ந்தவை ஆதலால், இழப்பீட்டுக் கேள்விக்கு நியூயார்க் சட்டமே பொருந்தும் என நீதிமன்றம் கூறியது. 1971 இல் வெளிவந்த இரண்டாம் மறுகூற்று, மிகக் குறிப்பிடத்தக்க தொடர்பு என்ற நெகிழ்வான அளவுகோலை முன்வைத்தது. இதன் பயனாகத் தனி வழக்குகளில் நீதி கூடியது. ஆனால் தீர்ப்பு எப்படி அமையும் என முன்கூட்டிக் கூறுவது கடினமாயிற்று.

பிரெஞ்சு, எசுப்பானியச் சட்ட மரபு கொண்ட லூசியானா மாநிலம் இதற்கு நடுவழி ஒன்றைத் தேடியது. அங்கு 1991 இல் இயற்றப்பட்டு 1992 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், எந்த மாநிலத்தின் சட்டத்தைப் பயன்படுத்தாவிட்டால் அதன் கொள்கை மிகுதியாகப் பாதிக்கப்படுமோ அந்தச் சட்டமே பொருந்தும் என்ற பொது நெறியையும், அடிக்கடி எழும் வழக்குகளுக்குத் தெளிவான விதிகளையும் ஒருங்கே கொண்டுள்ளது. ஒரிகன் மாநிலம் ஒப்பந்தங்களுக்கு 2001 இலும் தீங்கியல் வழக்குகளுக்கு 2009 இலும் சட்டம் இயற்றியது.

இலத்தீன் அமெரிக்கா

பல நாடுகளுக்குப் பொதுவான ஒரே தொகுப்பை உருவாக்கும் துணிவான முயற்சி இலத்தீன் அமெரிக்காவில் நடந்தது. 1889 ஆம் ஆண்டின் மொண்டேவீடியோ உடன்படிக்கைகள் நிலைவாழ்விடத்தை அடிப்படையாகக் கொண்டன. 1928 இல் அவானா மாநாட்டில், கியூபாவைச் சேர்ந்த புசுதமாந்தே வரைந்த 437 பிரிவுகள் கொண்ட தொகுப்பு ஏற்கப்பட்டது. 15 நாடுகள் அதற்குப் பின்னேற்பு அளித்தன. குடியுரிமையா நிலைவாழ்விடமா என்ற மையக் கேள்வியில் இசைவு ஏற்படாததால், ஒவ்வொரு நாடும் தான் விரும்புவதைப் பின்பற்றலாம் என 7 ஆம் பிரிவு விட்டுவிட்டது. பல நாடுகள் ஒதுக்கீடுகளுடனேயே சேர்ந்தன. இதனால் தொகுப்பு இருந்தும் முடிவுகள் ஒருமைப்படவில்லை. அண்மைக் காலத்தில் நாடுகள் தத்தம் சட்டங்களைப் புதுப்பித்து வருகின்றன. அர்கெந்தீனாவின் புதிய குடிமை, வணிகச் சட்டம் 2015 இல் நடைமுறைக்கு வந்தது. உருகுவை 2020 இல் தனிச் சட்டம் இயற்றியது.

ஜப்பானும் சீனாவும்

ஜப்பான் 1898 இல் ஓரேய் எனப்படும் சட்டத்தை இயற்றியது. ஜெர்மனியின் தாக்கம் கொண்ட அச்சட்டம் குடும்ப உறவுகளில் கணவனின் நாட்டுச் சட்டத்துக்கு முதன்மை அளித்தது. 1989 ஆம் ஆண்டின் திருத்தம் இதனை நீக்கி, படிமுறையான விதி ஒன்றைக் கொண்டுவந்தது. கணவன் மனைவிக்குப் பொதுவான நாட்டுச் சட்டம். அது இல்லையெனில் பொதுவான வசிப்பிடத்தின் சட்டம். அதுவும் இல்லையெனில் நெருங்கிய தொடர்புடைய இடத்தின் சட்டம் என்பது அதன் வரிசை. 2006 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2007 சனவரி 1 முதல் ஓரேய் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

சீன மக்கள் குடியரசின் சட்டம் 2010 அக்டோபர் 28 அன்று இயற்றப்பட்டு 2011 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 52 பிரிவுகள் கொண்ட இச்சட்டம், மனிதரின் தகுதி பற்றிய பொருள்களில் வழக்கமான வசிப்பிடத்தை முதன்மைக் காரணியாகக் கொள்கிறது. திருப்பியனுப்பல் கோட்பாட்டை இது ஏற்பதில்லை. அதிகார வரம்பும் தீர்ப்பு ஏற்பும் இச்சட்டத்தில் இல்லை.

இந்தியா

இந்தியாவில் ஒருங்கிணைந்த தொகுப்பு இல்லை. விதிகள் பல சட்டங்களில் பரவியுள்ளன. வெளிநாட்டுத் தீர்ப்பு எப்போது இறுதியானதாகக் கொள்ளப்படாது என்பதை 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு ஆறு விதிவிலக்குகளாகத் தருகிறது. 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், அசையாச் சொத்துக்கு இந்தியச் சட்டமும், அசையும் சொத்துக்கு இறந்தவரின் நிலைவாழ்விடச் சட்டமும் பொருந்தும் என்கிறது. ஆனால் அப்பகுதி இந்துக்கள், முசுலிம்கள், பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோருக்குப் பொருந்தாது. அதாவது மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இவ்விதி நீதிமன்றத் தீர்ப்புகளையே சார்ந்துள்ளது. ஒப்பந்தங்களுக்கான விதியும் தீர்ப்புகளால் உருவானதே.

இதன் விளைவு 1991 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் தெளிவாகத் தெரிந்தது. 1975 இல் திருப்பதியில் இந்து முறைப்படி மணந்த கணவர், பின்னர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்று வேறொருவரை மணந்தார். திருமணம் மீட்க முடியாதவாறு முறிந்துவிட்டது என்பது அங்கு கூறப்பட்ட காரணம். இந்து திருமணச் சட்டத்தில் அது மணமுறிவுக்கான காரணம் அன்று. இந்தியாவில் இருந்த மனைவி, இருமணக் குற்றம் சாட்டி வழக்குத் தொடர்ந்தார். இத்துறையின் விதிகள் தொகுக்கப்படாமல் வெவ்வேறு சட்டங்களில் சிதறியிருப்பதைச் சுட்டிய நீதிமன்றம், 13 ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்து விதியைத் தானே வகுத்தது. எந்தத் திருமணச் சட்டத்தின்படி மணந்தனரோ அச்சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமுமே செல்லும். எதிர்த்தரப்பினர் அந்நாட்டில் வசித்து, அங்கு வழங்கப்பட்ட தீர்ப்பின் காரணமும் அச்சட்டத்தில் உள்ளதாக இருந்தாலோ, தாமாக முன்வந்து வழக்காடியிருந்தாலோ, தீர்ப்புக்கு இசைந்திருந்தாலோ விதிவிலக்கு உண்டு என்பது அதன் சாரம்.

இத்தீர்ப்பு, வெளிநாட்டு நீதிமன்றத்துக்குச் செல்ல வசதியற்ற மனைவியருக்குப் பாதுகாப்பாக அமைந்தது. அதே வேளையில், அமெரிக்காவில் செல்லுபடியான மணமுறிவு இந்தியாவில் செல்லாது என்ற நொண்டி நிலை தொடர்கிறது. வெளிநாட்டு மணமுறிவுகளை ஏற்பது பற்றிச் சட்ட ஆணையம் 1976 இலேயே தன் 65 ஆவது அறிக்கையில் தனிச் சட்டம் பரிந்துரைத்தும், அது இயற்றப்படவில்லை.

பன்னாட்டு, வட்டார ஒருங்கிணைப்பு

ஒவ்வொரு நாடும் தனித்தனியே தொகுத்தால் ஒரே வழக்குக்கு இரு விடைகள் வருவதைத் தடுக்க முடியாது. இதனைக் கருத்தில் கொண்டு, நெதர்லாந்தைச் சேர்ந்த தோபியாசு ஆசர் முயற்சியால் 1893 இல் ஏக் மாநாடு முதன்முதலாகக் கூடியது. ஆசர் 1911 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 1955 முதல் நிலையான அமைப்பாகச் செயல்படும் இம்மாநாடு, எல்லாவற்றையும் அடக்கிய தொகுப்புக்கு மாறாகப் பொருள்வாரியான உடன்படிக்கைகளை உருவாக்குகிறது. பெற்றோரில் ஒருவர் குழந்தையை வேறு நாட்டுக்குச் சட்டவிரோதமாகக் கொண்டு செல்வது பற்றிய 1980 ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் 100 க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. இலங்கை 2001 இல் அதில் சேர்ந்தது. இந்தியா 2008 இல் ஏக் மாநாட்டின் உறுப்பினர் ஆனது. ஆனால் 1980 ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இணையவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகள் மூலம் மேலும் முன்னேறியுள்ளது. ரோம் 2 ஒப்பந்தம் சாராத பொறுப்புகளுக்கும் (2009 சனவரி முதல்), ரோம் 1 ஒப்பந்தங்களுக்கும் (2009 டிசம்பர் முதல்) உரியவை. வாரிசுரிமை ஒழுங்குவிதி 2015 ஆகத்து 17 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் ஜெர்மனி இறந்தவரின் குடியுரிமையையும், பிரான்ஸ் நிலம் அமைந்த இடத்தையும் இறந்தவரின் வாழ்விடத்தையும் பின்பற்றின. இப்போது இரண்டிலும், இறந்தவர் கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டமே அனைத்துச் சொத்துக்கும் பொருந்தும். தன் குடியுரிமை நாட்டின் சட்டத்தை ஒருவர் முன்னரே தேர்ந்துகொள்ளவும் இடமுண்டு.

ஒப்பீடு

| நாடு | விதிகள் உள்ள இடம் | குடும்பப் பொருள்களில் முதன்மைக் காரணி | நெகிழ்வுக்கான வழி |
|---|---|---|---|
| பிரான்ஸ் | குடிமைச் சட்டத்தின் சில பிரிவுகள், தீர்ப்புகள், ஐரோப்பிய விதிகள் | குடியுரிமை, வசிப்பிடம் | நீதிமன்ற விளக்கம் |
| ஜெர்மனி | குடிமைச் சட்ட அறிமுகச் சட்டம், ஐரோப்பிய விதிகள் | குடியுரிமையிலிருந்து வசிப்பிடம் நோக்கி | அடிப்படை உரிமைகள், பொதுக் கொள்கை |
| சுவிட்சர்லாந்து | தனிச் சட்டம் (1987) | பெரும்பாலும் வாழ்விடம் | 15 ஆம் பிரிவு |
| இங்கிலாந்து | தீர்ப்புகள், தனிப்பொருள் சட்டங்கள் | நிலைவாழ்விடம், வசிப்பிடம் | முன்தீர்ப்புகளின் வளர்ச்சி |
| லூசியானா | குடிமைச் சட்டத்தின் ஒரு பகுதி (1991) | நிலைவாழ்விடம் | பாதிப்பு அளவுகோல் |
| ஜப்பான் | தனிச் சட்டம் (2006) | குடியுரிமை, அடுத்து வசிப்பிடம் | நெருங்கிய தொடர்பு |
| சீனா | தனிச் சட்டம் (2010) | வழக்கமான வசிப்பிடம் | நெருங்கிய தொடர்பு |
| இந்தியா | சிதறிய சட்டங்கள், தீர்ப்புகள் | நிலைவாழ்விடம், சமயவழித் தனியாள் சட்டம் | நீதிமன்ற விளக்கம் |

ஆதரவும் எதிர்ப்பும்

தொகுப்பாக்கத்தை ஆதரிப்போர் முன்கூட்டி அறியும் தன்மையை முதன்மையாகக் கூறுவர். வெளிநாட்டில் மணக்கும் ஒருவர், பல தீர்ப்புகளைத் தேடிப் படிக்காமலேயே தன் நிலையை அறிந்துகொள்ள முடிய வேண்டும். வழக்குச் செலவைத் தாங்க இயலாதவருக்கே இத்தெளிவு மிகுதியும் தேவை. கணவனின் சட்டத்துக்கு முதன்மை அளிக்கும் பழைய விதிகளை ஒரே திருத்தத்தில் நீக்கவும் எழுத்துச் சட்டம் உதவும் என்பதை ஜப்பானின் 1989 ஆம் ஆண்டுத் திருத்தம் காட்டுகிறது.

எதிர்ப்போர், எழுதப்பட்ட விதி உறைந்துவிடும் என்பர். ஜெர்மனியின் சமத்துவமற்ற விதிகள் 1949 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தன. ஆயினும் இது எழுத்துச் சட்டத்துக்கு மட்டுமே உரிய குறை அன்று. மனைவியின் நிலைவாழ்விடம் பற்றிய ஆங்கில விதி தீர்ப்புகளால் உருவானது. அதனை நீக்கச் சட்டமன்றமே வர வேண்டியிருந்தது.

இருவகை முறைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் காணலாம். விரிவாகத் தொகுத்த நாடுகள் விதிவிலக்கு உட்பிரிவுகள் மூலம் நீதிபதிக்கு இடமளிக்கின்றன. தொகுக்காத நாடுகள் பொருள்வாரியாகச் சட்டம் இயற்றுகின்றன. ஆகவே இன்றைய வேறுபாடு, விதி எழுதப்பட்டுள்ளதா இல்லையா என்பதில் மட்டும் இல்லை. விதியிலிருந்து விலகும் அதிகாரம் யாரிடம், எந்த வரம்புக்குள் விடப்பட்டுள்ளது என்பதிலும், வழக்குத் தொடுக்கும் முன்னரே அதனைச் சாதாரண மனிதர் அறிந்துகொள்ள முடியுமா என்பதிலும் உள்ளது.